அக்கா சேர்த்த மூன்று கட்டங்கள்

எங்கள் அறைக்குத் தொலைந்த பொருள்கள்தான் வரும். பேருந்தில் விட்டுவிட்டுப் போன குடை, கைப்பை, மூக்குக்கண்ணாடி, பொம்மை, பல்செட்டு என்று எல்லாமும் வந்து சேரும். அப்படி வந்த ஒரு பொருள் எங்கள் கையை விட்டே போய்த் தொலைந்தது இருபத்தாறு வருடத்தில் ஒரே ஒரு முறைதான். அது ஒரு பெண்ணின் கால். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் என்னைத் திட்டுகிறார்கள். திட்டிவிட்டுப் போகட்டும். ஆனால் யாரைத் திட்டுவது சரி என்று எனக்கே இன்னும் விளங்கவில்லை. அதனால்தான் அக்காவைப் பற்றி முதலிலிருந்து சொல்கிறேன்.

அக்கா என்றால் என் கூடப்பிறந்தவள் இல்லை. எங்கள் அறையில் பதிவு மேசை அவளுடையது, முன்பக்கக் கவுன்டர் என்னுடையது. நடுவில் ஒரு பாதிக் கதவு. மின்விசிறி அவள் பக்கம் மட்டும்தான் திரும்பும், அதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், விடுங்கள். அக்காவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பேருந்துகளைக் கூட்டித் துடைக்கும் வேலைக்கு வந்தவள். இருக்கைக்கு அடியில் கிடப்பதை எடுத்துக்கொண்டுவந்து கொடுப்பாள், கொடுத்ததோடு போகமாட்டாள், "இது யாரோடதுன்னு கண்டுபிடிச்சாச்சா?" என்று மறுநாளும் வந்து நிற்பாள். தொல்லை தாங்காமல் அவளையே அந்த மேசையில் உட்காரவைத்துவிட்டார்கள். மேலாளர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

மனிதர்கள் விஷயத்தில் அக்காவுக்கு எப்போதும் குழப்பம். சொந்த ஓரகத்தியை வேறு யாரோ என்று நினைத்து ஒரு மணி நேரம் மரியாதையாகப் பேசிவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகும் தெருமுனையில் இடப்பக்கமா வலப்பக்கமா என்று நின்று யோசிப்பாள். என்னைக் கூப்பிடும்போது வேறு நாலு பேருடைய பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைசியில் 'தம்பி' என்று முடிப்பாள். ஆனால் பொருள் விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது. எங்கள் பழைய பதிவேட்டில் முதல் கட்டம் 'என்ன பொருள்' என்பது. அதை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவிடமாட்டாள். ஒரு தடவை ஏதோ இரும்புச் சுருள் வந்தது. 'கம்பி' என்று எழுதித் தொலையுங்கள் என்றேன். கேட்டாளா? பணிமனை முழுக்க அதைத் தூக்கிக்கொண்டு அலைந்து, அது வாசல் கதவு தானாகச் சாத்திக்கொள்வதற்குப் போடும் சுருள் என்று இரண்டாம் நாள் கண்டுபிடித்துக்கொண்டு வந்து எழுதினாள். உரியவர் அதை வாங்க வரவேயில்லை, அது வேறு விஷயம்.

அப்படி எழுதி எழுதி அறை நிரம்பிவிட்டது. பதினாலாயிரம் பொருள்கள். அலமாரிக்கு மேலே அலமாரி, அதற்கு மேலே அட்டைப்பெட்டி. நான் கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் குழந்தைகள் தள்ளுவண்டி மூன்றை நகர்த்தவேண்டும். அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் மடிக்கணினியோடு வந்து சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும், தாழ்ந்த குரல், சட்டைப்பையில் எப்போதும் பிஸ்கட். திரையில் கோடு கோடாக ஒரு மரம் வரைந்து காட்டுவார். நான் அவருக்கு மரக்காரர் என்று பெயர் வைத்தேன்.

"சார், மரம்னீங்க. தலைகீழா இருக்கே?" என்றேன்.

"இதுல வேர் மேல இருக்கும், கிளை கீழ போகும்."

"நல்லா இருக்கு போங்க."

அவர் என்னைக் கண்டுகொள்ளாமல் அக்காவிடம் விளக்கினார். "நாம எதையும் சொல்லித் தர வேண்டாம்க்கா. ஒவ்வொரு பொருளுக்கும் அதோட பண்பை மட்டும் நிரப்புங்க. நீளம் எவ்வளவு, எடை எவ்வளவு, கெட்டியா, மெத்துனு இருக்கா, பிடி இருக்கா, இந்த மாதிரி. எதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதோ அதையெல்லாம் சேர்த்து மெஷினே கூட்டம் கூட்டமாப் பிரிச்சுக்கும். பெரிய கூட்டத்துக்குள்ள சின்னக் கூட்டம், அதுக்குள்ள இன்னும் சின்னது. பொருளைத் தேடி வர்றவங்ககிட்டயும் இதே கேள்வியைக் கேட்டா, எந்தக் கிளையில இருக்குன்னு அதுவே சொல்லிடும்."

"பேரு எங்க எழுதறது?" என்றாள் அக்கா.

"பேரு வேண்டாம். ஒரே சாமானை நீங்க பைங்கறீங்க, தம்பி பேக்குங்கறார், இதுக்கு முன்னாடி இருந்தவர் சுருக்கமா 'ப' போட்டு வெச்சிருக்கார். பேரைக் கொடுத்தா மெஷின் குழம்பிடும்."

"மெஷின் குழம்பக் கூடாது, நாங்க குழம்பலாமா?" என்று நான் கேட்டதற்கு ஒரு பிஸ்கட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

முதல் மரம் வந்தபோது அக்கா திருதிருவென்று முழித்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். நிறம் என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். மெஷின் அதைப் பிடித்துக்கொண்டது. கறுப்புக் கிளையில் குடை, அலுவலகப் பை, கூலிங்கிளாஸ், ஒரு பூட்ஸ். வெள்ளைக் கிளையில் ஹெல்மெட்டும் படுக்கை விரிப்பும் முயல் பொம்மையும். "இதுங்கள்லாம் எப்படிச் சொந்தமாச்சு?" என்று அக்கா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மரக்காரர் நிறத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். இப்போது முயல் பொம்மை தலையணையோடும் ஸ்வெட்டரோடும் போய் உட்கார்ந்தது, ஹெல்மெட் சாப்பாட்டு டப்பாக்களோடு சேர்ந்துவிட்டது. பிடி உள்ளதா என்று ஒரு கட்டம் சேர்த்தார். உடனே ஸ்வெட்டர் ஒரு பக்கம், காதைப் பிடி என்று போட்டதால் முயல் ஒரு பக்கம், குடையும் தவாவும் ஒரு வீட்டில். சாமான் ஒன்றும் மாறவில்லை. அலமாரியில் அது அது வைத்த இடத்தில்தான் இருந்தது. ஒரு கட்டத்தை மாற்றினால் உறவுமுறை முழுக்க மாறிவிடுகிறது.

"இதுல எது சார் நிஜம்?" என்றாள்.

"எல்லாமே நிஜந்தான்க்கா. நாம எதைக் கேட்கறோமோ அதை வெச்சுப் பிரிக்குது."

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. எனக்கும்தான், ஆனால் நான் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவள் வீட்டுக்குப் போயும் அதே யோசனையாக இருந்திருக்கிறாள். அவள் கணவர் குழாய் ரிப்பேர் செய்பவர். எங்கள் அறைக் குழாயைச் சரிபார்க்க வந்தவர் என்னிடம் புலம்பித் தீர்த்துவிட்டார். பைப்பு திருகும் ஸ்பேனரைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினாராம். அது சமையலறையில் கரண்டிகளோடு தொங்கியதாம். நீளம், இரும்பு, பிடி உண்டு என்று அக்கா விளக்கம் சொன்னாளாம்.

"அப்ப என்னை எங்கடி வைக்கப்போறேன்னு கேட்டேன் தம்பி. 'நீங்களும் நீளம், கெட்டி, ஓரமெல்லாம் தேய்மானம், குடைங்களோட போடலாம்'ங்கறா. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு சொல்றா!"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஸ்பேனர் கதையில் நிஜமாகவே கோபம் இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் மரக்காரர் அக்காவைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க, உங்க அனுபவத்துல எந்தப் பண்பு முக்கியம்?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து நேராகப் போட்டுக்கொண்டாள்.

அக்காவுக்கு ஒற்றைச் சாமான்கள் மேல் பல வருட ஆத்திரம் உண்டு. ஒற்றைச் செருப்பு, ஒற்றைக் கையுறை, ஒற்றைத் தோடு, ஒற்றைச் சாக்ஸ். ஒன்றைத் தொலைத்தவர்கள் மற்றதையும் வீட்டில் எறிந்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள், இங்கே அது இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். "ஜோடியா, ஒற்றையான்னு ஒரு கட்டம் போடுங்க" என்றாள். மரக்காரர் போட்டார். அக்கா நிறுத்தவில்லை. ஒரு விஷயத்தை ஒரு தடவை மட்டும் கேட்டு அவளுக்குப் பழக்கமில்லை. தொலைத்தவர்களிடமும் இப்படி அப்படி மாற்றி மாற்றிக் கேட்டுத்தான் உண்மையைப் பிடிப்பாள். அதனால், "இன்னொண்ணு இல்லாம இது பயன்படுமான்னும் கேளுங்க" என்றாள். அப்புறம், "கடையில இது ஒண்ணு மட்டும் தனியாக் கிடைக்குமான்னும் போட்டுடுங்க. அப்பத்தான் சந்தேகமே இருக்காது."

மூன்று கட்டங்கள். எல்லாச் சாமானுக்கும் அவற்றை நிரப்பி முடித்த அன்று மாலை மரத்தைப் பார்த்தால், உச்சியிலேயே இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பக்கம் ஒற்றை, மறுபக்கம் மற்றதெல்லாம். நீளமும் எடையும் கெட்டியும் மெத்தும் கீழே எங்கேயோ போய்விட்டன. ஒற்றைக் கிளையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் உருப்படிகள். மேலாளர் வந்து பார்த்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்காத குறைதான். "இந்தக் கிளை முழுக்கக் குப்பைதானே? இதுக்கெல்லாம் ஆள் வருவாங்கன்னு காத்திருக்கவே வேண்டாம். மூட்டை கட்டுங்க, வாராவாரம் வியாழக்கிழமை குப்பை லாரி வரும்." அக்காவின் முகத்தில் அன்றைக்கு இருந்த பெருமை இருக்கிறதே! கம்ப்யூட்டர் தன் பேச்சைக் கேட்டது என்று கணவரிடம் நாலு தடவை சொன்னாளாம். நூற்றுப்பன்னிரண்டு மூட்டைகள் கட்டிப் பின்கட்டில் அடுக்கினோம். எனக்கும் சந்தோஷம்தான். தள்ளுவண்டிகளை நகர்த்தாமல் கழிப்பறைக்குப் போக வழி கிடைத்ததே.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அந்தக் காலுக்கு உரிய பெண் வந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். நகக்கண்ணில் வெள்ளைப் பெயின்ட், காதுமடலில் நீலப் பெயின்ட். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவள். வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால், அது கணுக்கால் பக்கம் விரிசல் விட்டு, மேலே பிளாஸ்டிக் டேப் சுற்றியிருந்தது. புதுக் கால் செய்து வாங்கிக்கொண்டு வருகிற வழியில் அதைப் பேருந்திலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

"கையில ரெண்டு டப்பா பெயின்ட்டு வேறக்கா. டப்பாவைப் பார்த்து இறக்கினேன், காலை விட்டுட்டேன்" என்று அவளே தன்னைத் திட்டிக்கொண்டாள். "அந்த பஸ் நிக்கிற டிப்போவுக்கு ரெண்டு தடவை போயிட்டேன். இங்க அனுப்பிட்டதாச் சொன்னாங்க. இந்த டேப்பை நம்பி என்னால ஏணி ஏற முடியாது. அடுத்த மாசக் கடைசி வரைக்கும்தான் என் இடத்தை வெச்சிருப்பேன்னு மேஸ்திரி சொல்லிட்டார். இன்னொரு கால் வேணும்னா எட்டு மாசம் வரிசையில நிக்கணும்."

அக்கா பாதிக் கதவு வழியாகத் தலையை நீட்டி, "தம்பி, கால் ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டாள்.

"காலெல்லாம் வரலக்கா" என்றேன். கொஞ்சம்கூடச் சந்தேகமில்லாமல் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

புது முறைப்படி அக்கா திரையைப் பார்த்துக் கேள்வி கேட்டாள். நீளம், எடை எல்லாம் கேட்டுவிட்டு, "ஜோடியாம்மா, ஒற்றையா?" என்றாள்.

"ஜோடிதான். இன்னொண்ணு என்கிட்ட இருக்கே" என்று தன் இடது தொடையைத் தட்டிக் காட்டினாள்.

அக்கா 'ஜோடி' என்று நிரப்பினாள். இன்னொன்று இல்லாமல் இது பயன்படுமா என்ற கேள்விக்கு, "பயன்படும்க்கா, அதை மாட்டிக்கிட்டா நான் எங்க வேணா ஏறுவேன்" என்றாள். தனியாகக் கிடைக்குமா என்றதற்கு, "ஒண்ணொண்ணா அளவெடுத்துத்தான் செய்வாங்க, ஜோடியா யாரு வாங்கப்போறா?" என்றாள். மெஷின் ஒற்றைக் கிளைப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. மறுபக்கம் இறங்கித் தேடி, இரண்டு ஊன்றுகோல், ஒரு ஸ்கேட்டிங் பூட்ஸ் ஜோடி, கேமரா நிறுத்தும் முக்காலி என்று காட்டியது. அவை எதுவும் அவளுடைய கால் இல்லை.

அவள் போனபிறகு அக்கா நிலைகொள்ளாமல் தவித்தாள். அலமாரி அலமாரியாகப் போய்ப் பார்த்தாள். "தம்பி, பின்கட்டுல இருக்கிற மூட்டையையும் ஒரு தடவை பிரிச்சுப் பார்த்துடலாமா?"

"நூத்திப் பன்னெண்டு மூட்டைக்கா! அதெல்லாம் ஒற்றைக் கிளை. அந்தப் பொண்ணே ஜோடின்னு சொல்லிட்டுப் போயிருக்கு. மெஷினும் இல்லைங்குது. உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

அக்கா என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்று உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை லாரி வந்து மூட்டைகளை அள்ளிக்கொண்டு போயிற்று.

திங்கட்கிழமை அவள் மறுபடி வந்து நின்றாள். அந்த டிப்போக்காரர் தன் கையாலேயே ஏற்றி அனுப்பியதாக அடித்துச் சொல்கிறாராம். "நான் விளக்கிச் சொன்னது உங்களுக்குப் புரியலையோ என்னவோ. இந்த மாதிரிதான் இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டு, என் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பட்டையை அவிழ்த்து, கால்சட்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய காலை உருவி எடுத்துக் கவுன்டர் மேல் வைத்தாள். அதன் பாதத்தில் ஒரு பழுப்பு ஷூ. "புதுசுக்கும் இதே அளவு ஷூ போட்டுத்தான் கொடுத்தாங்க. சாம்பல் கலர் துணிப்பையில, நீட்டுவாக்குல இருக்கும்."

சாம்பல் கலர் துணிப்பை. நீளம். அதை அளந்தவன் நான்தான். ஒரே நாளில் முந்நூறு உருப்படி வந்த அன்று, அக்கா சாப்பிடப் போயிருந்தபோது, அந்தப் பையைத் தூக்கித் தராசில் வைத்தேன். ஒன்றே முக்கால் கிலோ. டேப்பை ஓட்டினேன். நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். தட்டிப் பார்த்தேன், கெட்டி. துணிக்கு மேலேயே ஷூவின் முனை கையில் தட்டுப்பட்டது, ஒன்றுதான் இருந்தது. ஏதோ ஒற்றை பூட்ஸ் என்று நினைத்துக்கொண்டு ஒற்றை, பயன்படாது, தனியாகக் கிடைக்காது என்று மூன்று கட்டத்தையும் நிரப்பிவிட்டு அடுத்ததை எடுத்தேன். உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற கட்டம்தான் இல்லையே. அதற்காக நான் பார்க்காமல் இருந்திருக்கலாமா? இருந்திருக்கிறேன்.

அவள் ஒற்றைக் காலில் கவுன்டரைப் பிடித்தபடி நின்றாள். நான் ஸ்டூலை எடுத்துப் போட்டுவிட்டுப் பின்கட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். லாரிக்காரருக்குப் போன் போட்டோம். வெள்ளிக்கிழமையே மொத்தத்தையும் அரைத்துவிட்டார்களாம்.

மரக்காரர் ஓடி வந்தார். பிஸ்கட்டை எடுக்கக்கூட இல்லை. என் பதிவைத் தேடிப் பிடித்து, அக்கா சேர்த்த மூன்று கட்டங்களையும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினார். கால் நேராகப் போய் ஊன்றுகோல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மூன்றில் ஒன்றை மட்டும் திரும்பச் சேர்த்தார். அப்போதும் ஊன்றுகோலுக்குப் பக்கத்துக் கிளைதான். மூன்றையும் சேர்த்தார். கால் ஒற்றைக் கையுறைகளோடு குப்பையில் கிடந்தது.

"மூணும் ஒரே கேள்விதான்க்கா" என்றார், இன்னும் தாழ்ந்த குரலில். "மூணு சாட்சி வந்து ஒண்ணையே சொல்றதா மெஷின் எடுத்துக்குச்சு. அதனால மத்த பண்பெல்லாம் எடுபடல. நான் கவனிச்சிருக்கணும்."

"அப்ப என் தப்பா?"

"உங்க தப்புன்னு சொல்லல."

"இவன் ஒற்றைன்னு போட்டான். அந்தப் பொண்ணு ஜோடின்னு சொன்னா. இதுல யார் சொன்னது தப்பு?"

"ரெண்டும் தப்பு இல்லக்கா. பையைப் பார்த்தா ஒற்றை. அவங்களைச் சேர்த்துப் பார்த்தா ஜோடி."

"மெஷின்?"

"அது கொடுத்ததை வெச்சுச் சரியாத்தான் பிரிச்சிருக்கு."

"எல்லாரும் சரி! எல்லாரும் சரின்னா கால் எங்கடா போச்சு?" என்று அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள். அவள் என்னை 'டா' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான். எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நான்கு பேரும் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நாலாவது ஆள் மேலாளர். சத்தம் கேட்டு வந்திருந்தார்.

அவருக்கு மட்டும் குழப்பமே இல்லை. பதிவைப் படித்தார். "இதுல எங்கயாவது கால்னு இருக்கா? நாற்பத்தெட்டு சென்டிமீட்டர், கெட்டி, ஒற்றை. அவ்வளவுதான். கால் இங்க வரவே இல்லைன்னு சொல்லி அனுப்புங்க. வந்துச்சுன்னு யாராலயும் நிரூபிக்க முடியாது." சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார்.

அக்கா முன்பக்கம் வந்தாள். கவுன்டரில் பழைய கால் இன்னும் கிடந்தது, அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் முகத்தையே பார்த்தாள். அக்கா வாயைத் திறந்தாள். வரவில்லை என்று சொல்லிவிடுவாள், சொன்னால் நான் தப்பித்தேன் என்று என் மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

"வந்துச்சும்மா" என்றாள் அக்கா. "குப்பைன்னு நினைச்சு நாங்கதான் அனுப்பிட்டோம். அரைச்சுட்டாங்க."

அந்தப் பெண் அழவில்லை. டேப் சுற்றிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். அப்புறம், "நானே தொலைச்சுட்டேன்னா எட்டு மாசம்" என்றாள். "வெச்சிருந்தவங்க கெடுத்துட்டாங்கன்னு அவங்களே எழுதிக் கொடுத்தா, கால் செய்யற இடத்துல முன்னாடி எடுத்துப்பாங்க. மூணு வாரத்துல செஞ்சு கொடுத்துடுவாங்க. எழுதித் தருவீங்களா?"

"தர்றேன்."

"வேலை போயிடுமாக்கா உங்களுக்கு?"

"தெரியலம்மா. எனக்கு இப்ப எதுவுமே தெரியல."

மரக்காரரின் கணினி அச்சடித்துக் கொடுத்த படிவத்தில் அந்தப் பொருளுக்கான கட்டங்கள் மட்டும் இருந்தன. அக்கா அதைத் தள்ளிவைத்துவிட்டு வெள்ளைத்தாளில் எழுதினாள். வலது செயற்கைக் கால் ஒன்று, முழங்காலுக்குக் கீழ், எங்கள் அறையில் தொலைந்துவிட்டது என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தாள். அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"தொலைஞ்சுதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"பஸ்ல நான் விட்டேனே, அதுதான்க்கா தொலைஞ்சது. அப்புறம் கிடைச்சிடுச்சு. உங்க கையில இருந்துச்சு."

அக்கா தாளை வாங்கிக் கிழித்துப் போட்டாள். இன்னொன்று எடுத்தாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். எங்களிடம் வந்து சேர்ந்தது, என்னவென்று பார்க்கவில்லை, எறிந்துவிட்டோம் என்று மூன்று வரி. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினாள். நான் பேனாவை வாங்கிக்கொண்டேன். 'அளந்தவர்' என்று எழுத ஆரம்பித்து, அதை அடித்துவிட்டு, 'பார்க்காதவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண் அதைப் படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தாள். பழைய காலை மாட்டிப் பட்டையை இறுக்கினாள். எழுந்து ஒரு அடி வைத்தவள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பை வாய்ல ஒரே ஒரு முடிச்சுதாண்ணா போட்டிருந்தேன். இழுத்தா அவுந்திருக்கும்."